வெள்ளிக்கிழமை கான்கிரீட்

ஓய்வு பெற்றவனைக் கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டால் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். வாங்கிய பொன்னாடைகளில் ஒன்று மிச்சமாகியிருக்கும். அல்லது முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். என்னைக் கூப்பிட்ட மகேஸ்வரி மூன்றாவதாக ஒரு காரணம் சொன்னாள்.

"அண்ணே, நான் கருத்தரங்குல வாசிக்கப்போற கட்டுரையில உங்க பேரும் வருது."

"எதுவும் கேஸா தாயி?"

"இல்லண்ணே. உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கேன்."

எனக்கு நன்றி சொன்னவர்களின் எண்ணிக்கை ரொம்பச் சின்னது. அதில் என் மனைவி கிடையாது. அதனால் உடனே வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அந்த அரங்கில் நடந்ததை இப்போது கேன்டீனில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களாம். ஒரு கதையில் நான் மயங்கி விழுந்தேனாம். இன்னொன்றில் மேடையேறிப் பேராசிரியர்களைக் கேள்வி கேட்டு மடக்கினேனாம். அது நான் சொல்லிப் பரப்பிய கதை என்று சந்தேகப்படுகிறார்கள், இல்லை, சத்தியமாக. எங்கள் ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள், "நீங்களே எழுதிக் குடுத்துருங்கண்ணே" என்றார்கள். எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் எண்களை மட்டுமே எழுதிய கை இது. வாக்கியம் எங்காவது கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

என் வேலை உடைப்பது. வேறு சொல்லில் சொல்லிப் பார்த்தால் பெருமையாக வருகிறது. ஆனால் உண்மை இதுதான். அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் நடுவே, கருவேலங்காட்டை வெட்டித் திருத்திக் கட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில், கட்டுமானப் பொருள் ஆய்வகத்தின் உதவியாளனாக இருந்தவன் நான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கட்டடம் எழும்பினாலும், அங்கே கலக்கிய கான்கிரீட்டில் கொஞ்சம் அள்ளி, இரும்பு அச்சில் சதுரக் கட்டியாக வார்த்து எங்களிடம் கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் க்யூப். அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, ஏழு நாளோ இருபத்தெட்டு நாளோ நிறைந்ததும் எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று எழுதித் தர வேண்டும். வீட்டில் கைதவறி ஒரு கண்ணாடித் தம்ளரைப் போட்டாலும் என் மனைவி கேட்பாள்: "சம்பளத்துக்கு உடைக்கிறது பத்தாதுன்னு இங்க ஓசியிலயும் உடைக்கணுமாக்கும்?"

நான் வேலை பழகிய கதை சின்னது. கூட்டினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன், ஆபரேட்டர் ஆனேன். திட்டியவர் வேலாயுதம் சார்.

சார் அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தராசு முள்ளைப் பார்த்து வளர்ந்தவர். ஆய்வகத்துக்குத் தலைவராக வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு ஒரு க்யூபை உடைக்கச் சொன்னார். நான் தொட்டியிலிருந்து எடுத்துச் சொட்டச் சொட்ட வைத்தேன். "ஈரத்துணியால துடை. மண்ணு ஒட்டியிருந்தா அது முதல்ல நசுங்கும், கான்கிரீட்டு நசுங்குனதா நீ எழுதுவ." துடைத்தேன். வார்க்கும்போது கொத்தனார் கரண்டியால் தேய்த்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். "திருப்பி வை. மேல் பக்கம் மேடு பள்ளம். அச்சுல பட்ட பக்கம்தான் சமதளம்." திருப்பினேன். பொத்தானை அமுக்கினேன். அழுத்தத்தைக் காட்டுகிற முள் ஏற ஏற ஆய்வகமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு மெல்லிய முனகல். ஓரத்தில் ஓடு உரிவதுபோல் ஒரு சில்லு. பிறகு "டப்". நடுவில் இடுப்பு சிறுத்து, உடுக்கை மாதிரி மிச்சம் நிற்கும். கறுப்பு முள் கீழே விழுந்துவிடும். அது ஏறின உச்சியில் சிவப்பு முள் மட்டும் தனியாக நிற்கும். அதைத்தான் படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் சாருக்கு ஒரு பழக்கம். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் சத்தமாகச் சொல்லி முடித்த பிறகுதான் முள்ளைப் பார்ப்பார்.

"ஏன் சார், நீங்களே முதல்ல பார்த்துரலாம்ல?"

"நான் பார்த்தா நீ என் மூஞ்சியைப் பார்த்து ரீடிங் சொல்லுவ. கண்ணு பார்த்ததைச் சொல்லு. மனசு நெனச்சதைச் சொல்லாத."

நான் வேடிக்கையாக எது சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் ஒரு க்யூப் தொட்ட உடனே பொலபொலவென்று உதிர்ந்தபோது, "சார், இதுல சிமெண்டைக் கலக்கல, காட்டிட்டு எடுத்துருக்காக" என்றேன். ஆய்வகமே சிரித்தது. சார் மட்டும், "ரீடிங் என்ன?" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நல்ல பலமான க்யூப் ஒன்று, முனகாமல் கொள்ளாமல் வெடித்தது. சில்லு ஒன்று பறந்து என் இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, சார் தன் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரு கையால் சைக்கிளும் மறு கையால் என் நெற்றியுமாக அவர் ஓட்டிய ஓட்டில், புருவத்தைவிட உயிருக்குத்தான் அதிகம் பயந்தேன். தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அழகுக்கும் பெரிய நஷ்டமில்லை, இருந்தால்தானே போகும்.

திங்கள்கிழமை வந்து பார்த்தால் இயந்திரத்தைச் சுற்றிக் கம்பி வலை. சார் தன் கையாலேயே கட்டியிருந்தார். கூடவே ஒரு புதுச் சட்டமும் வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இயந்திரத்தைத் தொடக்கூடாது. ராகு காலம். நான் அடிபட்டது அந்த நேரத்தில்தான் என்று சாரின் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

மற்ற நாட்களில் எங்களுக்கு ராகு காலத்தால் தொந்தரவில்லை. நாங்கள் இயந்திரத்தைத் தொடுவதே காலைப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான். வெள்ளிக்கிழமை மட்டும் ராகு சரியாக அதே நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். இதற்குச் சார் ஒரு வழி வைத்திருந்தார். நம் ஊரில் ராகு காலத்தில் பயணம் கிளம்ப வேண்டி வந்தால் என்ன செய்வோம்? முன்னாலேயே பையை எடுத்து வாசலில் வைத்துவிடுவோம். கிளம்பியாச்சு என்று கணக்கு. அதேமாதிரி, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முன்னாலேயே க்யூப்களைத் தொட்டியிலிருந்து எடுத்து வராந்தாவில் வரிசையாக வைத்துவிட வேண்டும். வேலை நல்ல நேரத்தில் தொடங்கியாச்சு. ஆனாலும் பொத்தானை மட்டும் பன்னிரண்டு அடித்த பிறகே அமுக்க வேண்டும். பொறியாளர் அல்லவா; எதிலும் இரண்டு மடங்கு பாதுகாப்பு.

அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு டீ, வடை, ஊர்க்கதை. எனக்காக ராகு இவ்வளவு செய்யும்போது நான் எதற்குக் குறுக்கே பேச வேண்டும்?

சாரைப் பற்றி இன்னொன்றும் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். அவருடைய மச்சினர், அதாவது மனைவியின் தம்பி, பாளையம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். அதன் தூண்களுக்கான க்யூப்கள் எங்களிடம் வந்தன. உடைத்தோம். சார் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். சிவப்பு முள் நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கொஞ்சம்தான். நான் ரீடிங்கைச் சொன்னேன். மூன்று க்யூபும் அப்படியே.

மச்சினர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வரும்போது எல்லோருக்கும் சேவும் காராபூந்தியும் வாங்கி வந்திருந்தார். அதில் பாதி என் வயிற்றில் இருந்தது. நன்றிக்கடன் பேசியது.

"சார், இன்னொரு செட்டு உடைச்சுப் பார்ப்போமா?"

"எதுக்கு? நமக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் உடைக்கவா?"

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தனை தூண்களையும் இடித்துத் திரும்பப் போட்டார்கள். மண்டபத் திறப்பு விழாவுக்குச் சாருக்குப் பத்திரிகை வரவில்லை. சாரின் சம்சாரம் மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தார்கள். அன்றைக்கு ஆய்வகத்தில் சார் வழக்கம்போலத்தான் இருந்தார். மத்தியானம் மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

சார் ஓய்வு பெற்றார். சில வருடம் கழித்து நானும் பெற்றேன். கம்பி வலை போட்ட இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, எண்ணைத் திரையில் காட்டுகிற புது இயந்திரம் வைத்தார்கள். நாங்கள் உடைத்த அத்தனை முடிவுகளையும் மகேஸ்வரி கணினியில் ஏற்றியிருந்தாள்.

மகேஸ்வரி எம்.ரெட்டியபட்டிப் பிள்ளை. அவளுடைய அம்மா பருத்திக்காட்டில் களையெடுத்துப் படிக்கவைத்தார். எங்கள் கல்லூரியில் படித்து, எங்கள் கல்லூரியிலேயே ஆசிரியை ஆகி, வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்ட ஆராய்ச்சியும் செய்தாள். நடுவில் கல்யாணம், பிள்ளைப்பேறு. கெடுவை நீட்டித்து நீட்டித்து, இனி நீட்டிக்க வழியில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அவளுடைய ஆராய்ச்சி இதுதான்: எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு தண்ணீர், எந்த மணல் என்று சொன்னால், கான்கிரீட் எவ்வளவு தாங்கும் என்பதை உடைக்காமலே கணினி சொல்லிவிட வேண்டும். பழைய முடிவுகளைக் காட்டிக் காட்டி அதைப் பழக்குகிறார்கள். பருத்திக் கமிஷன் கடையில் ஒருவர் ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துப் பார்த்துத் தரம் சொல்கிறாரே, அந்த மாதிரி. எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்கும் சொல்ல வராது. ஆயிரம் மூட்டை பார்த்த கை.

கருத்தரங்கின் தலைப்பு, பொருளறிவியலில் இயந்திரக் கற்றல். அந்தத் தலைப்பை எழுதிய பேனர் இரண்டு சன்னல்களை மூடிவிட்டதால் அரங்கம் வெந்தது. நாளோ வெள்ளிக்கிழமை. சிறப்பு விருந்தினர்கள் டீ குடித்து முடிக்குமுன்பே முதல்வர் அவர்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார்; பத்தரைக்குள் குத்துவிளக்கு ஏற்றியாக வேண்டும். ஏற்றினார்கள். முன்வரிசையில் இருந்த வேலாயுதம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டதை நான் பார்த்தேன். மத்தியானம் அவருக்கும் எனக்கும் பொன்னாடை. அவருக்குப் பட்டு, எனக்குப் பட்டு மாதிரி.

வல்லுநர்கள் பேசினார்கள். ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர், கோடிக்கணக்கான கலவைகளில் எது நல்ல பேட்டரி ஆகும், எது துருப்பிடிக்காத இரும்பு ஆகும் என்று கணினி பொறுக்கித் தரும் காலம் வந்துவிட்டது என்றார். "இனி எல்லாத்தையும் உடைச்சுப் பார்க்க வேண்டியதில்லை" என்று அவர் சொன்னபோது, மேடையிலேயே என் வேலையைப் பறித்த மாதிரி இருந்தது. ஓய்வு பெற்றது ஞாபகம் வந்து சமாதானமானேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரையில் வந்தார். இரண்டு வாக்கியம் பேசியதும் நெட் நின்று, வாயைத் திறந்தபடியே உறைந்துவிட்டார். பல்லெல்லாம் நல்ல வரிசை.

மூன்றாவதாகச் சென்னையிலிருந்து வந்த வசந்தா மேடம். ஒல்லி உருவம், சின்னக் குரல். "கம்ப்யூட்டர் ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி. நாம சொல்லிக்கொடுக்கிறதை மட்டும் கத்துக்காது. நாம பண்றதையும் பார்த்துக் கத்துக்கும்" என்றார். பிள்ளை வளர்த்த எல்லோரும் தலையாட்டினோம். மகேஸ்வரியின் ஆராய்ச்சியை முடிவாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியவரும் இவர்தான். அவர் சரி என்றால் பட்டம். இல்லையென்றால் அத்தனை வருட உழைப்பும் குப்பை.

மகேஸ்வரி பேச வந்தாள். தடுமாறாமல் பேசினாள். கான்கிரீட்டின் பலத்தை எது எது எவ்வளவு தீர்மானிக்கிறது என்று கணினி கண்டுபிடித்ததைத் திரையில் பட்டை பட்டையாகக் காட்டினாள். முதல் பட்டை தண்ணீர். அடுத்தது சிமெண்ட். அடுத்தது க்யூபின் வயது.

"நாலாவது பட்டை என்னம்மா?" என்று மேடம் கேட்டார்.

"கிழமை மேடம்."

"கிழமையா?"

"வெள்ளிக்கிழமை க்யூபுக்கெல்லாம் பலம் கூட வருது மேடம். ஏன்னு தெரியல."

"லட்சுமி கடாட்சம்யா" என்று பின்வரிசையில் ஒரு குரல். அரங்கம் சிரித்தது. கம்பெனிக்காரர் எழுந்து, கொத்தனார்களுக்குச் சனிக்கிழமை கூலி என்பதால் வெள்ளிக்கிழமை கவனமாக வேலை பார்ப்பார்களோ என்றார். இன்னொருவர், வியாழக்கிழமை புதுச் சிமெண்ட் லோடு வருமாக இருக்கும் என்றார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மகேஸ்வரியிடம் திரும்பினார்.

"ஊகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் மாடல் கான்கிரீட்டைப் படிக்கலம்மா. வேற எதையோ படிச்சிருக்கு. அது என்னன்னு தெரியாம இதை நம்பி நாளைக்கு ஒருத்தர் வீடு கட்டினா? காரணம் தெரியாத வரைக்கும் என்னால இதை ஒத்துக்க முடியாது."

மகேஸ்வரி பட்டையைச் சுட்டிக்கொண்டிருந்த கைவிளக்கை அணைத்தாள்.

மேடம் விடவில்லை. யோசித்தபடியே பேசினார். "இருபத்தெட்டு நாள்னா நாலு வாரம். வெள்ளிக்கிழமை வார்த்தது வெள்ளிக்கிழமைதான் உடைபடும். அப்ப விஷயம் வார்த்த அன்னைக்கா, உடைச்ச அன்னைக்கா? காஞ்ச க்யூப் ஈர க்யூபைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். உடைக்கும்போது ஈரமா இருந்துச்சா? உடைச்சவங்க யாராவது இங்க இருக்காங்களா?"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

அப்போதுதான் எனக்கு வராந்தா கண்முன் வந்தது. வெள்ளிக்கிழமை வெயிலில், கரிசக்காட்டுக் காற்றில், வரிசையாக உட்கார்ந்து காய்ந்துகொண்டிருந்த க்யூப்கள். ஈரமாக எடுத்தபோது கறுத்திருந்தவை பன்னிரண்டு மணிக்கு வெளுத்திருக்கும். அதை நான் வாரா வாரம் பார்த்திருக்கிறேன், வாயில் வடையோடு. அது கணக்கில் சேரும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தொட்டியிலேயே கிடக்கட்டும் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை.

என் நாற்காலியிலிருந்து மைக் வரைக்கும் நடக்கிற தூரம்தான் யோசிக்க நேரம். உள்ளதைச் சொன்னால் மகேஸ்வரி பிழைப்பாள். ஆனால் இத்தனை வல்லுநர்கள் முன்னால், பொன்னாடை போர்த்துகிற நாளில், தராசு முள்ளைப்போல வாழ்ந்த மனுசனை ராகு காலம் பார்த்து ரீடிங்கைக் கெடுத்தவர் என்று சொல்லியாக வேண்டும். அதுவும் என் புருவத்துக்காகப் போட்ட சட்டம் அது. மைக்கைப் பிடித்தபோது என் வாய் தானாக ஒரு வழி கண்டுபிடித்தது. அதற்கு அது பழகிய வாய்.

"எல்லாருக்கும் வணக்கம். இது என்னால வந்த வினைங்க. வெள்ளிக்கிழமைன்னா எங்க கேன்டீன்ல வெங்காய வடை சூடாப் போடுவாக. நான் க்யூபைத் தொட்டியில இருந்து எடுத்து வெளிய வச்சுட்டு வடைக்குப் போயிருவேன். வர லேட்டாயிரும். அது பாட்டுக்குக் காஞ்சுக்கிட்டு இருக்கும்."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. மேடமும் சிரித்தார். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா? இத்தனை வருஷமா?"

"வடை அப்படி, மேடம்."

இன்னும் பெரிய சிரிப்பு. காரியம் முடிந்தது என்று நான் திரும்பியபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குருசாமி."

அந்தக் குரலுக்கு என் கால் நிற்கும். இப்போதும் நின்றது. வேலாயுதம் சார் எழுந்திருந்தார்.

"தப்பான ரீடிங் சொல்லாத. உட்காரு."

மைக் இல்லாமலே பேசினார். அரங்கத்தில் சத்தமே இல்லாததால் எல்லோருக்கும் கேட்டது. "வெள்ளிக்கிழமை பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அதுக்கு முன்னாலயே க்யூபை வெளிய எடுத்து வைக்கச் சொன்னது நான். பன்னெண்டுக்கு மேலதான் உடைக்கணும்னு சொன்னதும் நான். எல்லா வெள்ளிக்கிழமையும். இவன் சும்மா எனக்காகச் சொல்றான். வடை மட்டும் நிசம்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் மேடையிலிருந்து இறங்கி அவர் அருகில் வந்தார்.

"சார், இதை மகேஸ்வரி கட்டுரையில எழுதலாமா? 'காய விட்ட நேரம்'னு பொதுவாப் போட்டுக்கலாம். காரணம் வேண்டாம்."

"ராகு காலம்னே போடச் சொல்லுங்க. நடந்தது அதுதான்" என்றார் சார். பிறகு தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மேடம், வெள்ளிக்கிழமை நாங்க தேறிருச்சுன்னு எழுதிக் குடுத்த கட்டடங்க?"

"கணக்குப் போடும்போதே ஏத்த இறக்கத்துக்கு இடம் விட்டுத்தானே சார் போடுறோம். நிக்கும்."

"நிக்கும்" என்று சாரும் சொன்னார். உட்காரும்போது நாற்காலிக் கையை இரண்டு தடவை தேடினார். மத்தியானம் பட்டுப் பொன்னாடை போர்த்தியபோது அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மகேஸ்வரியிடம் மேடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார். ஒரே கலவையில் இரண்டு செட் க்யூப் வார்த்து, ஒன்றை ஈரமாகவும் ஒன்றை ராகு காலம் முழுக்கக் காய விட்டும் உடைத்து, வித்தியாசத்தை அளந்து கணினிக்குச் சொல்ல வேண்டும். அப்புறமும் வெள்ளிக்கிழமைப் பட்டை நின்றால் வேறு காரணம், விழுந்தால் பட்டம். மறு வெள்ளிக்கிழமையே வார்த்தார்கள். இனி நாலு வாரம் காத்திருக்க வேண்டும்.

சார் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மயிரிழையில் தேறிய கட்டடங்கள் எவை என்று மகேஸ்வரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கைக்கு அடங்குகிற எண்ணிக்கைதான். சுவரில் வைத்து அமுக்கினால் எம்பித் திரும்பி உறுதியைச் சொல்கிற சோதனைச் சுத்தியல் ஒன்று உண்டு. அதைக் கல்லூரியில் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாரியா?"

"வாரேன் சார். வடை உண்டா?"

சார் முன்னால் நடந்தார். ஷேர் ஆட்டோவில் போனோம். திருச்சுழி ரோட்டில் ஒரு ரேஷன் கடைத் தூணில் சார் சுத்தியலை வைத்து டக், டக் என்று அடித்தபோது, வரிசையில் நின்ற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "என்னய்யா, இந்த அய்யா எதுவும் பேய் ஓட்ட வந்துருக்காகளா?"

"ஆமாத்தா. ராகுவை ஓட்ட வந்துருக்காக."

"அப்ப எடை குறையாம இருக்கவும் ரெண்டு அடி அடிக்கச் சொல்லுங்க."

தூண்கள் நன்றாகத்தான் இருந்தன. எல்லா இடத்திலும். ஒவ்வொரு இடத்திலும் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் ரீடிங் சொன்னேன். கடைசிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ பாளையம்பட்டி வழியாக வந்தது. மச்சினரின் மண்டபத்தில் ஏதோ விசேஷம், வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

"அன்னிக்கு செவ்வாக்கிழமை" என்றார் சார்.

எனக்குப் புரிந்தது. "வெள்ளிக்கிழமையா இருந்திருந்தா தேறியிருக்கும் சார். பந்தியில உங்களுக்கு இலை போட்டிருப்பாக."

"அந்தத் தூணை இடிச்சிருக்க மாட்டாக" என்றார். மண்டபம் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அதற்கு மேல் வேடிக்கை பேசவில்லை. எப்போதாவது எனக்கும் அப்படி ஆகும்.

நாலு வாரம் கழிந்த வெள்ளிக்கிழமை, ஆய்வகத்தில் மகேஸ்வரி, நான், இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள். சார் பத்து மணிக்கே வந்துவிட்டார். வராந்தாவில் ஒரு செட் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு செட் தொட்டியில். பத்தரை ஆனதும் ஈர க்யூபை எடுத்துத் துடைத்து, திருப்பி வைத்தேன். பிள்ளைகள் யாரும் பொத்தான் பக்கம் போகவில்லை. பெரியவர் முன்னால் ராகு காலத்தில் எப்படி என்று தயங்கினார்கள். மகேஸ்வரி கை நீட்டினாள்.

"நில்லும்மா. நான் அமுக்குறேன்" என்றார் சார்.

பச்சைப் பொத்தானுக்கு ஒரு விரற்கடை முன்னால் அவர் கை நின்றது. திரும்பி என் இடது புருவத்தைப் பார்த்தார். புது இயந்திரத்துக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. சில்லு எதுவும் வெளியே வராது. அது அவருக்கும் தெரியும்.

"தள்ளி நில்லு" என்றார்.

தள்ளி நின்றேன். அமுக்கினார். எண் ஏறியது. முனகல், சில்லு, டப். சார் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, மகேஸ்வரி ரீடிங்கைச் சத்தமாகச் சொன்னாள். அந்த செட்டு முழுவதும் அப்படியே முடித்தோம். பன்னிரண்டுக்கு மேல் வராந்தாவில் வெளுத்துக் கிடந்தவற்றைக் கொண்டுவந்து உடைத்தோம். ஒவ்வொன்றும் ஈரத்தில் உடைந்ததைவிடக் கூடத் தாங்கியது. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் இருந்தது. மகேஸ்வரி அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, காய்ந்த நேரத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். நாலாவது பட்டை சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், வெள்ளிக்கிழமை போயிருச்சு" என்றாள்.

சார் இரண்டு செட் ரீடிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தார். ராகு காலத்தில் உடைத்தது குறைவு. ராகு காலம் கழித்து உடைத்தது அதிகம்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார் என்னிடம். "ராகு காலத்துல உடைச்சா விளங்காதுன்னு."

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவன் நான்தானே. சார் அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அது வேடிக்கையா இல்லையா என்று அவரிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.